கோழிக்காரி வீட்டில் பார்த்த படம்

போர் முடிந்து சில வருடங்களில் எனக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பகுதிக்கு மாற்றம் வந்தது. ஸ்டேஷனுக்குக் கிட்ட ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். கனடாவிலிருந்து வந்த தம்பி, யாழ்ப்பாணத்துக்குப் போகமுன் என்னிடம்தான் வந்தான். பெட்டியை இறக்கி வைத்த கையோடு போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அக்கா, இது எந்த இடம் எண்டு சொல்லு பாப்பம்" என்றான்.

பள்ளிக்கூட நாட்களில் நாங்கள் பார்த்த ஓர் இங்கிலிஷ் படத்தின் காட்சி அது. கடலில் மூழ்கிய கப்பலொன்றின் பெட்டியைத் தேடி ஓர் அண்ணனும் தங்கையும் தீவு தீவாக அலைகிற சாகசப் படம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத நாட்களில் அயல் வீட்டில் ஜெனரேட்டர் போட்டு, வீடியோ டெக்கில் ஓடவிடுவார்கள். ஒரு வசனமும் விளங்காது. நாங்களே தமிழில் வசனம் வைத்துக்கொள்வோம். கசெட் தேய்ந்து, படம் முழுக்கக் கோடு விழும்வரை பார்த்தோம்.

"எந்த நாடோ, ஆருக்குத் தெரியும்" என்றேன்.

"கற்பிட்டி. நீ இருக்கிற இடத்திலயிருந்து பஸ்ஸில போய்வரலாம்."

அந்தப் படத்தில் பைத்தியமாக இருப்பவர்கள் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்களாம். எந்தக் காட்சியை எங்கே எடுத்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. போர்க்காலத்தில், எங்கள் நாட்டுக் கரையிலேயே எடுத்த படத்தை வேறெங்கோ உள்ள கடல் என்று நினைத்து வளர்ந்திருக்கிறோம். அந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டோம்.

பாலாவியில் பஸ்ஸால் இறங்கி ஓர் ஓட்டோ பிடித்தோம். ஓட்டுநருக்கு முப்பது வயது வரும். தம்பி காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, "இந்த இடமெல்லாம் தெரியும் சேர், காட்டுறன்" என்றார். போகும் வழியில் தன் கதையையும் சொன்னார். மன்னார் தீவுதான் சொந்த ஊர். முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு எழும்பிப் போகச் சொன்ன நேரம் வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கிய குடும்பம். அப்போது அவர் ஆறேழு வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு முகாம்தான் ஊர். போகச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் தம்பியும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

முதலில் மணல்மேட்டுக்குப் போனோம். படத்தில் தங்கைக்காரி உச்சியிலிருந்து உருண்டு விழுகிற மேடு. இப்போது அதற்குப் பின்னால் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "உருளு அக்கா, நான் எடுக்கிறன்" என்று தம்பி விடாமல் நின்றான். சேலையைச் செருகிக்கொண்டு உருண்டேன். எழும்பிப் பார்த்தால், வெங்காயத் தோட்டத்தில் நின்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நாற்பதைத் தொடப்போகிற பொம்பிளை, வாயெல்லாம் மணல். அந்த வெட்கம் ஒரு விளையாட்டு வெட்கம். சிரித்துக்கொண்டே ஓட்டோவில் ஏறினேன்.

அடுத்தது கரை. எங்களுக்கு ஆகப் பிடித்த காட்சி அதுதான். கொள்ளைக்காரருக்குப் பயந்து தீவுச் சனங்கள் வள்ளங்களில் வந்து இறங்குவார்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பார்கள். ஒருத்தியின் கக்கத்திலிருந்து கோழி ஒன்று பிய்த்துக்கொண்டு பறக்கும். கதாநாயகன் அதைத் துரத்திப்போய்க் குப்புற விழுவான். ஒவ்வொரு முறையும் வயிறு நோகச் சிரிப்போம். அவளுக்குக் கோழிக்காரி என்று பேர் வைத்திருந்தோம். வீட்டில் யாராவது சாமானைக் கை நழுவ விட்டால் "கோழிக்காரி" என்போம்.

தம்பி அந்தக் காட்சியைப் போனில் நிறுத்தி, கரையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். ஓட்டோக்காரர் குனிந்து பார்த்தார்.

"இது எங்கட உம்மா, சேர்."

படம் எடுக்க வந்தவர்கள் முகாமுக்கு லொறி அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது அவருக்கு நினைவிருந்தது. தனக்குப் பிஸ்கட் தந்ததும் நினைவிருந்தது. "உம்மா இன்னும் அந்தப் படத்தப் பாக்கல்ல. ஊட்டுக்கு வந்து காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

பழைய முகாம் இருந்த இடத்தில் கல்வீடுகள் கட்டிக் குடியிருந்தார்கள். அவருடைய வீட்டு முன்சுவர் பூசியிருந்தது, பக்கச் சுவர் பூசவில்லை. அவருடைய தாய் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்து, பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டார். தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அக்கா, கோழிக்காரியேதான்" என்றான். அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்ன பேர் அது?" என்று சிரித்தார்.

நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். பிளேன்டீ வந்தது. "எந்த ஊர் மகள் நீங்க?" என்று கேட்டார்.

"சிலாபம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது. மன்னாரிலிருந்து அவர்கள் வந்த அதே மாதத்தில் யாழ்ப்பாணத்திலும் முஸ்லிம் சனம் இருந்த சோனகத் தெரு வெறிச்சோடிப் போனது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் பேரில், எங்கள் இயக்கப் பெடியள்தான் போகச் சொன்னார்கள். அந்த முற்றத்தில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் என்ற சொல்லைச் சொல்ல என்னால் முடியவில்லை. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிலாபத்து ஆக்கள்ட பேச்சு இப்படி இரிக்காதே" என்றார் அவர். "யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"அதச் சொல்ல என்ன?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "என்ட ராத்தாவ அங்கதான் கட்டிக் குடுத்த. அவவும் பொறவு இங்கதான் வந்து சேந்தா" என்று தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். பிறகு, "அந்தத் தெருவுல இப்ப ஆக்கள் இரிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

டியூசனுக்குப் போகும்போது அந்தத் தெரு முனையால்தான் வருடக்கணக்காகச் சைக்கிளில் போனேன். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது இப்போதும் அதால்தான் போகிறேன். "தெரியாது" என்றேன். அது பொய் இல்லை. அதுதான் பொய்யை விட வெட்கமாக இருந்தது.

அவரே கதையை மாற்றினார். "எங்கள அழச் சொன்னாங்க மகள். ஒராளுக்கும் அழுக வரல்ல. புது உடுப்பு, சாப்பாடு, லொறிப் பயணம். எல்லாரும் சிரிக்கிறோம். தமிழ் தெரிஞ்ச ஒராள் வந்து, நீங்க இப்படித்தானே வந்த, மறந்து போச்சா எண்டு ஏசினாரு. அப்பயும் வரல்ல."

"கோழி?" என்று கேட்டான் தம்பி.

"கோழி அவங்கட. நாங்க வந்த அண்டைக்குக் கோழி எங்க கொண்டுவார? கூட்டுக் கதவத் தொறந்து உட்டுட்டு வந்த."

தம்பி தன் போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துப் படத்தை ஓடவிட்டான். என் போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். படம் பார்க்கும் அவர் முகத்தை எடுத்து இணையப் பக்கத்தில் போடப்போகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன்.

வள்ளங்கள் வந்தன. கோழி பறந்தது, கோமாளி இசை கேட்டது, கதாநாயகன் விழுந்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மட்டும் "நான் எவ்வளவு மெலிவா இரிக்கிறன்" என்று சிரித்தார். பிறகு சட்டென்று கையை நீட்டினார்.

"நிப்பாட்டுங்க. கொஞ்சம் பின்னால போங்க."

கோழிக்குப் பின்னால், கலைந்த தண்ணீரில், சிவப்பு முந்தானையோடு ஒரு பெண் கமராவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ட ராத்தா" என்றார். "மவுத்தாகி அடக்கி எவ்வளவு காலம். ஒரு போட்டோ இல்ல எங்கள்ட. எல்லாம் அங்கேயே உட்டது."

அந்தப் படத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் நாங்கள். அந்தப் பெண்ணை ஒருநாளும் கண்டதில்லை. அவர் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பியின் கையில் என் போன் அப்படியே நின்றது. பறித்திருக்க வேண்டும். பறிக்கவில்லை. மகன்தான் கண்டார்.

"சேர், உம்மாவ வீடியோ எடுக்கிறீங்களா?"

தம்பியின் காது சிவந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி, மகன் பார்க்க அழித்தான். போனை என்னிடம் தந்தான். அது என்னுடைய போன் என்பதையும் மகன் கண்டார். அவருடைய ஓட்டோவிலேயே பாலாவிக்குத் திரும்பினோம். கற்பிட்டிக் கோட்டையையும் பார்க்க நினைத்திருந்தோம். போகவில்லை.

தம்பி கனடா போனபின், அந்தச் சிவப்பு முந்தானைப் பெண் நிற்கிற காட்சியைச் சிலாபத்தில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தேன். முகம் கலங்கித்தான் வரும் என்று முன்னமே சொன்னார்கள். அப்படியே வந்தது. ஒரு லீவு நாளில் அந்தத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "மூஞ்சி விளங்கல்ல. ஆனா நிக்கிற விதம் அவதான்" என்று சொல்லி, அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்தார். பகல் சாப்பாடு சாப்பிடாமல் விடவில்லை. புறப்படும்போது, "ஊருக்குப் போனா அந்தத் தெருவ ஒருக்காப் பாத்துட்டு வந்து சொல்லு மகள்" என்றார்.

அடுத்த லீவில் போனேன். சில வீடுகளில் ஆட்கள் திரும்பி வந்திருந்தார்கள். பல வீடுகளுக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் வளர்ந்திருந்தது. ஒரு வாசலில் நின்ற கிழவர் "ஆரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். அந்தத் தாயுடைய ராத்தாவின் பேரையோ, கட்டிய மனிசனின் பேரையோ நான் கேட்டு வைத்திருக்கவில்லை. "ஒருத்தரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, பாதித் தெருவிலிருந்தே திரும்பினேன்.

அன்று பின்னேரம் ஓட்டோக்கார மகனின் போனுக்கு எடுத்தேன். தாய் வாங்கிக் கதைத்தார். ஆட்கள் வருகிறார்கள், பள்ளிவாசலுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள் என்றேன்.

"ராத்தா ஊட்டுல கிணத்தடியோட ஒரு மாதுள இரிந்த எண்டு சொல்லுவா. அது நிக்கிதா?"

"நான் உள்ளுக்குப் போகேல்லை" என்றேன்.

"பரவால்ல மகள்" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.