வரிசையில் கடைசி மாடு

வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரின் இருபத்தாறு மாடுகளுக்கும் கோவிந்தம்மாதான் பொறுப்பு. காலையில் தெருமுனையில் நின்று "ஏ ஹோ" என்று ஒரு குரல் கொடுப்பாள். அவிழ்த்துவிட்ட மாடுகள் அந்தக் குரல் வந்த திசைக்கு நடந்துவரும். பொழுது சாயும்போது ஏரிக்கரையிலிருந்து இறக்கிவிட்டால் ஒவ்வொன்றும் தன் வீட்டுப் படலைத் தானே தேடிக்கொண்டு போகும். பதினோரு வருஷத்தில் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவள் தொலைத்ததில்லை.

முதலில் அது அவள் புருஷன் மாரியின் வேலை. ஏரிக்குள் பாம்பு தீண்டி அவன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுநாளே கோலை இவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளை ஊர் மாடு மேய்ப்பதா என்று வம்பு பேசியவர்களும் விடிந்ததும் மாட்டை அவளிடம்தான் அவிழ்த்துவிட்டார்கள். பேச வாய் வேண்டும், மேய்க்கக் கால் வேண்டும். ஊரிடம் வாய் மட்டும்தான் இருந்தது.

மாரி அவளுக்கு விட்டுப்போனது மூன்று. ஒரு கோல், ஒரு செவலைப் பசு, ஒரு சட்டம். ஊர் மாடு மேய்க்கிறவன் தன் மாட்டைக் கடைசியில்தான் விடவேண்டும். தண்ணீரில் கடைசி, புதுப்புல்லில் கடைசி. நம் மாட்டு வயிறு முதலில் நிறைந்துவிட்டால் ஊர் மாட்டு வயிறு நம் கண்ணுக்குத் தெரியாது என்பான். அவள் அதை ஒருநாளும் மீறியதில்லை.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. ஏரி தை மாதத்திலேயே வற்றித் தரை வெடித்துவிட்டது. நெல் இல்லை, ஆகவே வைக்கோலும் இல்லை. கோவிந்தம்மா பனை ஓலையை வெட்டிக் கிழித்துப் போட்டாள், கருவேல நெற்றை உலுக்கினாள், ஆலமரத்தில் ஏறித் தழை ஒடித்தாள். மாடுகளுக்கு விலா எலும்பை எண்ணலாம் போல் ஆயிற்று.

அந்த வருஷம் அதே ஊர் விவசாயி முனிரத்தினம் ஒரு காரியம் செய்தார். நெல்லுக்குத் தண்ணீர் இல்லாத தன் வயலில், திருத்தணிப் பக்கத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து விதை வாங்கிவந்து சோளம் தெளித்தார். அந்த ஊரில் அதுவரை சோளம் போட்டவர் கிடையாது. அதுவும் முழங்கால் உயரத்தில் கருகியது. அறுத்துக் காயவைத்து மாட்டுக்குப் போட்டார். அதோடு விட்டது என்று நினைத்தார்கள். சித்திரையில் இரண்டு கோடை மழை பெய்தது. பத்தே நாளில் அறுத்த கட்டையெல்லாம் துளிர்த்து, ஊரிலேயே அந்த ஒரு வயல்தான் பச்சையாக நின்றது.

அந்தப் பக்கத்தில் அறுத்த வயல் ஊர் மாட்டுக்குச் சொந்தம். நெல் தாள் மறுபடி துளிர்த்தால் யாரும் யாரையும் கேட்கவேண்டாம். இருந்தாலும் கோவிந்தம்மா கேட்டாள்.

"இன்னாத்துக்குக் கேக்கற? அறுத்த கட்டதானே, உட்டு மேய்ம்மா. வாயில்லா ஜீவனுங்க காஞ்சி கெடக்குதுங்க" என்றார் முனிரத்தினம். நல்ல மனதோடுதான் சொன்னார்.

வயல் சிறியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டால் பலமுள்ளதுதான் தின்னும். எனவே நிற்கவே தெம்பில்லாத ஒன்பதை முதலில் பிரித்தாள். அதில் முன்னால் நின்றது தாயாரம்மாளின் மயிலைப் பசு, சினை. தாயாரம்மாளுக்கும் நாதியில்லை, அந்தப் பசு ஈன்றால்தான் அடுத்த வருஷப் பிழைப்பு என்று இருந்தவள். மற்றவை வரப்புக்கு இந்தப் பக்கம் நின்றன. செவலையை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பனையில் கட்டினாள். மயிலை தயங்கி நின்றது. "ஏ ஹோ" என்றாள். அது உள்ளே போனது, மற்ற எட்டும் அதன் பின்னால் போயின.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மயிலை தள்ளாடியது. வாயில் நுரை. மூச்சுக்கு அடித்துக்கொண்டு முன்னங்கால் மடிந்து விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கோவிந்தம்மா கத்திக்கொண்டே ஓடிக் கோலால் அடித்து விரட்டினாள். பதினோரு வருஷத்தில் அவள் மாட்டை அப்படி அடித்தது அன்றுதான். இரண்டை வெளியே இழுத்தாள். ஏழு அங்கேயே செத்துக் கிடந்தன.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சைக்கிளில் மாட்டு டாக்டர் வந்தார். வறட்சியில் காய்ந்து நின்று மழைக்குத் துளிர்த்த சோளக் குருத்து விஷம் என்றார். சோளம் போடுகிற ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் அம்மன் கோயில் எதிரில் ஊர் கூடியது. மாட்டைப் பறிகொடுத்த பரசுராமன்தான் எழுந்தான்.

"ஊரு மாடெல்லாம் உள்ள உட்ட. உன் மாட்ட மட்டும் இன்னாத்துக்குப் பனையில கட்டுன? வெசம்னு உனக்குத் தெரிஞ்சிகீது."

"என் மாடு எப்பவும் கடைசிதான்ணா. உங்களுக்கே தெரியுமே" என்றாள் கோவிந்தம்மா.

தெரியும். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் முனிரத்தினத்தைப் பார்த்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வயல்ல உடுன்னு சொன்னேன். எது மொதல்ல, எது கடைசின்னு நானா சொன்னேன்?"

நல்ல மனது எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. முனிரத்தினத்தின் நல்ல மனது கோயில் வாசல்வரைகூட வரவில்லை.

மறுநாளிலிருந்து அவரவர் மாட்டை அவரவர் ஓட்டிக்கொண்டார்கள். கோவிந்தம்மா செவலையைக் கொண்டுபோய்த் தாயாரம்மாள் வீட்டு முளையில் கட்டினாள். தாயாரம்மாள் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீடு திரும்பிய கோவிந்தம்மா கோலை உடைத்து அடுப்பில் வைத்தாள். அன்று அதில்தான் கஞ்சி கொதித்தது. குடிக்கத்தான் முடியவில்லை.

பொழுது சாய்ந்ததும் படலில் ஏதோ உரசியது. ஏரியிலிருந்து திரும்பிய செவலை, தன் வீட்டைத் தானே தேடிக்கொண்டு வந்து நின்றது. அவள் பழக்கிய பழக்கம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கோவிந்தம்மா உள்ளிருந்து இரண்டு கையாலும் படலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போடி. அந்த வூட்டுக்குப் போ. ஒன் வூடு அதுதான்" என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை. அவள் குரல் கேட்டதும் செவலை இன்னும் நெருங்கிப் படலில் தலையை முட்டியது.

தாயாரம்மாள் கயிற்றோடு வந்தாள். கொம்பில் சுருக்கைப் போட்டாள். படலுக்கு உள்ளே பார்க்காமலே பேசினாள்.

"நீ தெரிஞ்சி செஞ்சன்னு நான் சொல்லலம்மா. ஆனா இனிமே எந்த மாட்டுக்கும் கொரல் குடுக்காத. எங்க மயிலயும் உன் கொரலுக்குத்தான் உள்ள போச்சி."