பீரோ சாவி கேட்டவள்

சத்யப்ரியா ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். மேடவாக்கத்தில், கிரிப்டோ பணத்தை வைத்துக்கொள்ளும் மொபைல் வாலட் ஆப் செய்கிற சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலையே குறை கண்டுபிடிப்பது. பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதையே செய்தாள் என்று அவள் அம்மா இன்றும் புலம்புகிறாள்.

ஆப்பைத் தமிழில் கொண்டுவரும் வேலை முடிந்து, திங்கட்கிழமை வெளியீடு என்று முடிவாகியிருந்தது. சத்யப்ரியா ஓகே சொல்வது மட்டும்தான் பாக்கி. கணக்குத் தொடங்கியதும் திரையில் பன்னிரண்டு சொற்கள் வரும். போன் தொலைந்தால் அவற்றை வைத்துத்தான் பணத்தைத் திரும்பப் பெற முடியும். வேறு யாருக்காவது தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், பணம் அம்போ. அவற்றுக்கு ‘மீட்புச் சொற்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மார்க்கெட்டில் மீன் விற்கும் பேபி அக்காவின் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்து, “இப்ப விளையாட்டுப் பணம்தான்க்கா, நடுநடுவே சோதிச்சுப் பார்ப்பேன்” என்றாள் சத்யப்ரியா. அக்காவின் மகன் சாலமன் கப்பலில் வேலை செய்கிறான். இனி அவன் சம்பாத்தியம் இந்த ஆப் வழியாகத்தான் வரப்போகிறது.

மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து குரலை மாற்றிப் பேசினாள். “கம்பெனிலேர்ந்து பேசறோம். உங்க மீட்புச் சொற்களைச் சொல்லுங்க.”

பேபி பன்னிரண்டையும் கணீரென்று ஒப்பித்துவிட்டாள். சத்யப்ரியா நேரே மார்க்கெட்டுக்கு ஓடினாள்.

“பேசினது நான்தான். ஏன்க்கா சொன்னீங்க?”

“இன்னாமா நீ! அடகு வெச்ச நகைய மீட்கப் போனா, சேட்டு சீட்ட கேக்க மாட்டானா? இதுலயும் மீட்புன்னுதான் போட்டுக்கீது. கேட்டாங்கோ, சொன்னேன்.”

ஆபீஸில் அவள் நடந்ததைச் சொன்னபோது மேனேஜர் ஜெயவேலு மசியவில்லை. “கீழ வார்னிங் போட்டிருக்கோமே. அந்தம்மாவுக்குப் புரியலைன்னா நாம என்ன பண்றது?”

“அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு சார். நாமதான் தப்பான வார்த்தையைக் குடுத்திருக்கோம். மாத்தற வரைக்கும் நான் ஓகே சொல்ல மாட்டேன்.”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார். அதனாலதான் சொல்றேன்.”

அவர் முறைத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. புதிய திரையில் அவள் எழுதினாள்: ‘இது உங்கள் பீரோ சாவி. நாங்கள் கேட்கவே மாட்டோம். கேட்பவர் திருடர்.’

“பீரோவா? சிரிப்பாங்க” என்றார் ஜெயவேலு.

“சிரிக்கட்டும் சார்.”

மாற்றிய ஆப்பைப் பேபியின் போனில் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள் விட்டு, ஜெயவேலுவின் மேஜையில் ஸ்பீக்கரைப் போட்டு, மறுபடி குரலை மாற்றிக் கூப்பிட்டாள். “கம்பெனிலேர்ந்து பேசறோம். உங்க பீரோ சாவிச் சொற்களைக் கொஞ்சம் சொல்லுங்க.”

“எவடி அவ? எம்புள்ள நடுக்கடல்ல காஞ்சிகினு சம்பாதிக்கற துட்டுக்கு உங்கிட்ட சாவிய குடுக்கணுமா? தகிரியம் இருந்தா மார்க்கெட்டு பக்கம் வாடி, மீன் வெட்ற கத்தியாலயே உன் நாக்க அறுக்கறேன்!”

அதற்குப் பிறகு வந்தவை அச்சில் ஏறாது. ஜெயவேலு பதறிப்போய் ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார். சத்யப்ரியா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தன் ஏழு தலைமுறைக்கும் விழுந்த வசவுகளை ஆசை தீரக் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.