வியாழக்கிழமை ஏற்றாத கொடி

எதிர் அடுக்குமாடியில் பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் இன்று காலை ஒரு மஞ்சள் துண்டைக் காயப்போட்டார்கள். சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கழியில் முதலில் மஞ்சள் துண்டு, அடுத்து ஒரு கட்டம் போட்ட கைலி, கடைசியில் பள்ளிக்கூடச் சட்டை. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று அதை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் என்றால் கப்பலில் நோய், கிட்டே வராதே என்று பொருள். கைலிக்கு என் காலத்துக் கொடி ஏட்டில் பொருள் கிடையாது.

"அப்பா, எதிர் வீட்டுக் கைலிய அப்படி வெறிச்சுப் பாக்காதீங்க லா. அந்தச் சீனத்தி அம்மா என்னா நெனைக்கும்?" என்றான் என் மகன். வங்கியில் அதிகாரி. பிறர் என்ன நினைப்பார்கள் என்பதில் நல்ல தேர்ச்சி உள்ளவன்.

மழை விட்டு விட்டுப் பெய்ததில் துணிகளின் ஈர வாடை காற்றோடு வந்தது. பாதி காய்ந்த துணியில் கடல் உப்பும் சேர்ந்தால் ஒரு புளித்த வாடை அடிக்கும். உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் சட்டை, தலைமுடி, தின்ற சோறு எல்லாவற்றிலும் அந்த வாடைதான். அப்போது நான் பினாங்குக் கோட்டையில் கொடி ஏற்றுகிறவனாக இருந்தேன்.

பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். நினைத்தாலும் நான் தடுக்கப் போவதில்லை. அன்று நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி உலகத்தைப் பிடித்து வைத்திருந்த வெள்ளைக்காரனுக்கு இங்கே ஒரு கயிற்றை இழுக்க ஆள் தேவைப்பட்டது. வடக்கே புகை தெரிந்தால் ஒரு கொடி, தெற்கே தெரிந்தால் வேறு கொடி, தபால் கப்பல் என்றால் இன்னொன்று. கொடி ஏறினால்தான் துறைமுக டாக்டர் காப்பியை வைத்துவிட்டு எழுந்திருப்பார். கடற்கரைத் தெருக் கம்பெனி கிளார்க்குகள் கோட்டு மாட்டுவார்கள். சூலியா தெருவில் நாசி கண்டார் சோறு விற்கும் பாய்கள் கூடுதலாக ஒரு பானை உலை வைப்பார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும். என்னைப் பார்ப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். கொடியைத்தான் பார்த்தார்கள் என்பது பிறகு ஒரே காலையில் விளங்கிவிட்டது.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் அப்போது சின்ன ஊர். டிராம் ஓடிய கடைசிக் காலம். எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் கடலில் போய் முட்டிக்கொள்ள வேண்டும். தீவு என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஊரை விட்டு ஓட நினைக்கிறவன் அக்கரைப் படகுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டுக் கொடுப்பவர் அவனுடைய மாமாவோடு மாதா கோயிலில் ஒரே வரிசையில் உட்காருகிறவராக இருப்பார். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் சவரிமுத்து அண்ணன் நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதினார்.

சவரிமுத்து அண்ணனும் நானும் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடியறையில் ஒன்றாகத் தங்கியிருந்தோம். துறைமுகக் கிடங்கு ஒன்றில் அவர் மூன்றாவது கிளார்க். இறங்குகிற அரிசி மூட்டைகளை எண்ணுவது அவர் பொறுப்பு. வயது முப்பதை நெருங்கிவிட்டது. நாகப்பட்டினத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மகள் ரோசம்மாளை அவருக்குப் பேசியிருந்தார்கள். வாத்தியாரே மகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வருவார், வீடு வாசலைப் பார்ப்பார், திருப்தி என்றால் இங்கேயே கோயிலில் கல்யாணம் என்று ஏற்பாடு.

அண்ணன் எழுதிய கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவார். அவற்றில் ஒரு பொய்கூடக் கிடையாது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். "எனக்குக் கீழே இருபது பேர் இருக்கிறார்கள்" என்று எழுதினார். இருந்தார்கள். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் மூட்டை தூக்குகிற இருபது பேர் அடுப்பு மூட்டிச் சமைத்துக் குடியிருந்தார்கள். "வாசலில் எந்நேரமும் வண்டி நிற்கும்" என்றார். எங்கள் வாசல்தான் ரிக்‌ஷாக்காரர்கள் இளைப்பாறும் இடம். "அறையிலிருந்து கடல் தெரியும்" என்பதும் மெய்தான். சன்னல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்புவரை வெளியே தொங்கினால் இரண்டு கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் தெரியும்.

கப்பல் வரப்போகிற வாரத்தில்தான் அண்ணன் காட்டுவதற்கு ஒரு வீடு தேடி அலைந்தார். நார்த்தம் ரோட்டில் ஒரு துரையின் பங்களாவில் வீரையா என்பவர் தோட்டக்காரராக இருந்தார். வியாழக்கிழமை பத்து மணிக்குத் துரை மலைக்குக் குளுமை தேடிப் போகிறார், வெயில் அவருக்கு ஆகாது. அவர் போனபின் எந்த நேரமானாலும் இரண்டு மணி நேரம், வாத்தியாரை உட்காரவைக்க, முன்தாழ்வாரத்தை இரவல் தர வீரையா சம்மதித்துவிட்டார். கப்பல் வியாழக்கிழமை சாயங்காலம்தான் வரவேண்டும்.

"ஒருவேளை காத்து தள்ளிக்கிட்டு வந்து காலையிலயே வந்துருச்சுன்னா, தம்பி," என்றார் அண்ணன், "பத்து மணி வரைக்கும் கொடிய ஏத்தாதே லா. ரெண்டு மணி நேரத்துல கப்பலு முழுகிப் போயிடாது."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் போன வருடம் எனக்கு மலேரியா கண்டபோது பதினொரு நாள் வாளியும் துணியுமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். தலையாட்டினேன். சாயங்காலக் கப்பல் காலையில் ஏன் வரப் போகிறது என்று தைரியமும் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு வடக்கே புகை தெரிந்தது.

எனக்கு மேலே ஒரு யூரேசியக் கிழவர், மாஸ்டர் என்போம். எட்டு மணிக்குப் பசியாறப் போனால் பத்து மணிக்குத்தான் வருவார், அவ்வளவு பசி. நான் கொடியைக் கையில் எடுத்தேன், மடித்தேன், விரித்தேன். கப்பல் வந்து நங்கூரம் போட்டது. ஒருமுறை ஊதியது. கால்மணி கழித்து இருமுறை ஊதியது. அதற்கப்புறம் ஊதியது மரியாதையாக இல்லை. டாக்டர் வரவில்லை, படகு வரவில்லை. கம்பத்தில் கொடி இல்லாததால் கப்பலே வரவில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கண்ணெதிரே நிற்கிற கப்பலைவிடக் கொடியை நம்புகிற ஊர் என் ஊர். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயும் கொஞ்சம் கர்வம் இருந்ததை ஒளிப்பானேன்?

மாஸ்டர் வாய் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கடலைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியது ஆங்கிலத்தில், நாளைக்கு வராதே என்று சொன்னது மலாயில். கொடியை அவரே ஏற்றினார். என்னைவிட நன்றாகத்தான் ஏற்றினார்.

பதினொன்றரைக்கு இரண்டாம் வகுப்புப் பயணிகளைப் படகுத்துறையில் இறக்கினார்கள். மாப்பிள்ளையைக் காணோம். துரை இன்னும் புறப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வேலையற்றவன் என்ற தகுதியோடு நானே எதிரே போனேன். படத்தில் பார்த்த முகம் என்பதால் பெண்ணை உடனே அடையாளம் தெரிந்தது. தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் குடையை ஊன்றி வாத்தியார். ஆறு நாள் வாந்தியெடுத்ததில் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"சவரிமுத்து மாப்பிள்ளையா?" என்றார் என்னிடம்.

"இல்லீங்க ஐயா. நான் அவரோட இருக்கிறவன்."

"அவருக்குக் கீழ இருபது பேருன்னு எழுதியிருந்தாரே, அதுல ஒருத்தரா?" என்று கேட்டார் ரோசம்மாள்.

என்னைக் கூலி ஆளாக எண்ணிவிட்டாரே என்று ரோஷம் வந்துவிட்டது. "இல்லீங்க, நானும் மேலதான்," என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "அப்ப அந்த இருபது பேரும் கீழ் வீட்டுலயா குடியிருக்காங்க?"

நான் கடலைப் பார்த்தேன். "மாப்பிள்ளை வர்ற வரைக்கும் கோட்டையச் சுத்திப் பாக்கலாங்களே," என்றேன்.

"ரெண்டு மணி நேரமா கோட்டையத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். கொடி ஏத்துறவன் செத்துட்டான்னு கப்பல்காரங்க சொன்னாங்க."

"சாகலீங்க. வேலைதான் போயிருச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அவரு படுத்துத் தூங்குற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அண்ணே. வேற எங்கயும் வேணாம்," என்றார்.

இரண்டு ரிக்‌ஷாவில் போனோம். கீழ்த்தளத்தில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள்; அதைப் பார்த்தால் அண்ணன் கடிதத்தில் இன்னும் நாலு வரி சேர்த்திருப்பார். வாத்தியார் மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அறையில் நாற்காலி இல்லை. என் பெட்டிமேல் உட்கார்ந்து நான்கு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

"திரும்பிப் போற கப்பல் எப்ப?"

"பன்னண்டு நாள்ல, ஐயா," என்றேன். கொடிக்காரனாக நான் சரியாகச் சொன்ன கடைசித் தகவல் அது.

செய்தி எப்படியோ நார்த்தம் ரோட்டுக்கு எங்களைவிட வேகமாகப் போயிருந்தது. அண்ணன் இரவல் கோட்டோடு, முழங்கால்வரை சேறோடு, கையில் துரை வீட்டுச் செம்பருத்தியோடு படியேறி ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்பார், சமாளிப்பார் என்று நினைத்தேன். அவரோ வாத்தியாரின் கையைப் பார்த்தார். பூவை என்னிடம் திணித்துவிட்டுக் கீழே ஓடி ஒரு குவளை கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். முட்டி போட்டு, குவளையைத் தானே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். வாத்தியாரின் நடுக்கம் அடங்கியது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"நான் மூணாவது கிளார்க்குங்க. மூட்டை எண்ணுறவன். வீடு இதுதான்."

கீழே கருவாடு மட்டும் பொரிந்தது.

"கடல் தெரியும்னு எழுதியிருந்தீங்களே, எங்க?" என்றார் ரோசம்மாள்.

அண்ணன் சன்னலைக் காட்டினார். "இந்தத் தூணப் புடிச்சுக்கிட்டு வலது பக்கமா சாயணும். கெட்டியா புடிங்க, போன மாசம் இவன் விழுவப் பாத்தான்."

ரோசம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாய்ந்தார். ரொம்ப நேரம் சாய்ந்தபடியே இருந்தார். வாத்தியார் பதறி எழுந்துவிட்டார்.

"அப்பா, தெரியுது," என்றது குரல் மட்டும். "பாய்மரக் கம்பு ரெண்டு. நடுவுல கொஞ்சம் தண்ணி. அவரு எழுதினது சரிதான்." பிறகு உள்ளே வந்து அண்ணனிடம் சொன்னார்: "இனிமே எங்கிட்ட மடிச்சு மடிச்சுப் பேசாதீங்க. நேராப் பேசுங்க."

பத்தாம் நாள் கல்யாணம். பன்னிரண்டாம் நாள் வாத்தியார் மட்டும் கப்பலேறினார். படகுத்துறையில் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார், என்னிடம், "கொடியெல்லாம் இப்ப ஒழுங்கா ஏத்துறாங்களா?" என்று கேட்டார். ஏற்றினார்கள். அன்று ஒரு நிமிடச் சறுக்கல்கூட இல்லாமல், மாஸ்டர் கொடியை நேரத்துக்கு ஏற்றி அவரை அனுப்பிவைத்தார். நான் பிறகு ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். அங்கே தப்புச் செய்தால் ஒரு வரிதான் கெடும், கப்பல் நிற்காது.

ரோசம்மாள் அப்பாவை மறுபடி பார்க்கவில்லை. ஜப்பான்காரன் வந்தான், கப்பல் நின்றது, கடிதம் நின்றது. சண்டை முடிந்து வந்த முதல் கடிதத்தில் வாத்தியார் காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டதென்று இருந்தது. துக்கம் கேட்கப் போனபோது, அந்த வியாழக்கிழமைக்காக மன்னிக்கச் சொன்னேன். பத்து வருடமாகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"எதுக்குண்ணே? அந்த ரெண்டு மணி நேரம் அப்பாவும் நானும் கப்பல் ஓரத்துல ஒக்காந்திருந்தோம். வாந்தி நின்னிருந்துச்சு. அம்மாவக் கட்டிக்கிட்டு வந்த கதைய எனக்கு அப்பத்தான் சொன்னாங்க. அதுக்கு முன்னாடியும் சொன்னதில்ல, பின்னாடியும் சொன்னதில்ல." அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். முகத்தைக் காட்டக்கூடாது என்று போனார்.

அந்தச் சந்து குண்டு விழுந்து எரிந்துபோயிற்று. டிராம் போயிற்று. ரிக்‌ஷா போயிற்று. சவரிமுத்து அண்ணன், சுதந்திரம் வந்த மறுவருடம், முதலாவது கிளார்க் ஆகி ஒரு மாதத்தில் போனார். நாகப்பட்டினக் கப்பலையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது விமானத்தில் நாலு மணி நேரத்தில் போய், போனதும் ஊர் சரியில்லை என்று திரும்பி வருகிறார்கள். தீவைக்கூடப் பாலம் போட்டுக் கரையோடு கட்டியாயிற்று, எங்கே ஓடிவிடுமோ என்று.

ரோசம்மாள் போன மாதம் இறந்தார். கோயிலில் எல்லோருக்கும் படம் போட்ட நினைவு அட்டை கொடுத்தார்கள். பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சரியாக இருந்தன. பிறந்த ஊர் பினாங்கு என்று அச்சடித்திருந்தது. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தினவன் நான். நாகப்பட்டினம் என்று திருத்தப் பையில் பேனாவும் இருந்தது. மூத்த மகன் பக்கத்தில்தான் நின்றான். அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.