பனித்தரையும் மட்டன் கட்லெட்டும்

என் மகளுக்கு ஐஸ் ஹாக்கிப் பைத்தியம் பிடித்தபோது வயது பன்னிரண்டு. அபுதாபி வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்; இவள் ஹெல்மெட், கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளரங்கப் பனித்தரையில் விழுந்து எழுந்துகொண்டிருப்பாள். எனக்கு அந்த ஆட்டத்தைக் கண்டாலே ஆகாது. மட்டை முகத்தில் பட்டுப் பல் போனால் என்ன செய்வது? இதைச் சொல்லியே வீட்டில் தினமும் ரகளை செய்வேன். அவள் வாப்பா யார் பக்கமும் சேராமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆட்டத்தில் பந்து கிடையாது. பக் என்று ஒரு கறுப்பு ரப்பர் வட்டு. உள்ளங்கை அகலம், ஓர் அங்குலக் கனம். ஆடுவதற்கு முன் அதை உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் தன் குணத்தைக் காட்டித் துள்ளும். உறைந்துவிட்டால் சமர்த்தாக வழுக்கிக்கொண்டு போகும். பெற்றோர்கள் முறை வைத்து, வாரம் ஒரு வீட்டு ஃப்ரீசரில் பக்குகளை வைத்து எடுத்துப் போவோம்.

என் முறை நோன்புக்கு முந்திய வாரம் வந்தது. அந்த வாரம் எங்கள் ஊர்ப் பெண்களின் ஃப்ரீசரைத் திறந்தால் விரல் நுழைய இடம் இருக்காது. முப்பது நாளும் நோன்பு திறக்கத் தேவையான சமோசா, ரோல், கட்லெட் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து, காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடுக்கிவிடுவோம். ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கி எறியும் பெண் எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. பக்குகளையும் அப்படியொரு டப்பாவில் போட்டு மூலையில் செருகி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அணித் தேர்வு. ஓர் இடம்தான் பாக்கி. என் மகளும் இன்னொரு பெண்ணும் அதற்கு நின்றார்கள். கனடாக்காரக் கோச் அம்மா டப்பாவைத் திறந்தார். உள்ளே பத்து மட்டன் கட்லெட், ரஸ்க் தூள் பூசி, வரிசையாக.

அரங்கமே சிரித்தது. நான் அசடு வழிந்தேன். வீட்டுக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். கோச் தன் பையில் கிடந்த உறையாத பக்குகளை எடுத்துப் போட்டார். அவை தவளை மாதிரித் துள்ளின.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. தடுப்போரம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"உம்மா, வேணும்னே மாத்தி எடுத்துட்டு வந்தியா?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு நான் ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். அன்றோ அவள் சந்தேகத்தில் பாதி உண்மை இருந்தது. வெட்கமாக இருந்தது.

"அல்லாஹ் மேல சத்தியமா இல்லம்மா. டப்பா மாறிப்போச்சு. ஆனா நீ செலக்ட் ஆகக் கூடாதுன்னு காலைல தொழுதுட்டு துஆ கேட்டேன். அது நெசம்."

அவள் கண் கலங்கியது. கோச் விசில் ஊதினார்.

"சரி, இப்ப மாத்திக் கேளு. யல்லா, சீக்கிரம்!" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஏந்தினேன். முதலில் அவள் பல்லுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டேன். பிறகு அந்த ஓர் இடத்தை அவளுக்கே கொடு என்று கேட்டேன். அவள் விழும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கையை மட்டும் இறக்கவில்லை.