நாலு வரியில் ஒரு நிழற்குடை

எங்கள் கல்லூரி மாணவர் பத்திரிகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு விழா எப்படி நடந்தது என்ற செய்தியை, விழா நடப்பதற்கு முன்பே எழுதி அச்சடித்துவிடுவோம். சிரிக்காதீர்கள். விழா முடிந்து பெற்றோர் வாசலைத் தாண்டும்போது அவர்கள் கையில் அன்றைய விழாச் செய்தி இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டுவைத்த சட்டம். குத்துவிளக்கை எப்படியும் ஏற்றுவார்கள். இளைஞர்கள்தான் நாளைய தூண்கள் என்று சிறப்பு விருந்தினர் எப்படியும் சொல்வார். இதில் தப்பு வர என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பத்திரிகைக்கு நான் ஆசிரியை. அம்பத்தூரில் எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. இங்கேயோ நான் எழுதியது அச்சாகி, முன்பின் தெரியாதவர்கள் அதைப் படித்தார்கள். சண்டைக்கும் வந்தார்கள். எனக்கு அது உயிராக இருந்தது, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அச்சகம் பூந்தமல்லியில். கல்யாணப் பத்திரிகைதான் அவர்களுக்குச் சோறு போடும் வேலை, முகூர்த்த மாதத்தில் எங்களுக்கு ஒரு மத்தியானம் ஒதுக்குவதே பெரிய விஷயம். உரிமையாளரை எல்லோரும் பாய் என்போம். அன்றைக்குக் கல்லூரி வாசலில் பஸ் வராமல் வெயிலில் நின்று, மண்டை காய்ந்து போய்ச் சேர்ந்தேன். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத நிறுத்தம் அது. உட்காரக்கூட விடாமல் பாய் அச்செழுத்துக் கோத்து வைத்திருந்த முதல் பக்கத்தைக் காட்டினார்.

"நாலு வரி கம்மியா கீதும்மா. எதுனா எழுதிக் குடு, மிஷினு சும்மா நிக்குது."

நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். பேருந்து நிறுத்தத்தில் மாணவ மாணவியர் வெயிலில் வாடுவதைக் கண்டு மனம் வருந்திய சிறப்பு விருந்தினர், தம் சொந்தச் செலவில் அங்கே நிழற்குடை அமைத்துத் தருவதாகப் பலத்த கரவொலிக்கிடையே அறிவித்தார். சரியாக நாலு வரி. வருகிற விருந்தினரெல்லாம் எதையாவது தருவதாகச் சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள்? போன வருஷத்தவர் சொன்ன தண்ணீர்த் தொட்டி எங்கே என்று எந்த மகராசன் கேட்டான்?

விழா அன்று மத்தியானம், என் உதவி ஆசிரியன் பத்திரிகைக் கட்டுகளைப் பூந்தமல்லியிலிருந்து கொண்டுவந்து முதல்வர் அறையில் இறக்கினான். அவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையை, அதாவது எஸ்டேட்டை, ஒட்டிய மண்ணூர்பேட்டைக்காரன். விருந்தினர் அதே எஸ்டேட்டில் தொழிற்சாலை வைத்திருப்பவர் என்பதால், அவரைக் காரில் அழைத்துவரும் வேலையையும் அவனிடமே கொடுத்திருந்தார்கள். ஒரு பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் போன பிறகுதான் முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் குரலை உயர்த்தும் ஆள் இல்லை, அதுதான் பயம். நிழற்குடை வரிகள்மேல் விரலை வைத்து, "இதை அவர் எப்போம்மா சொன்னார்?" என்றார். பாய் நாலு வரி கேட்ட கதையைச் சொன்னேன்.

"சாயந்திரம் அவர் வாயால இது வரலைன்னா, இதுதான் கடைசி இதழ். அதுவரைக்கும் கட்டு இங்கேயே இருக்கட்டும்."

அவ்வளவுதான், ஒழிந்தது என்று நினைத்தேன். முன் இருந்தவர்கள் வருஷக்கணக்காக நடத்திவந்ததை, பஸ் வராத கோபத்தில் நான் ஊற்றி மூடிவிட்டேன். விருந்தினரை அழைக்கப் போனவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றால் கார் போயே போய்விட்டது.

விருந்தினர் வரவேயில்லை. இறைவணக்கம் முடிந்து, நடனம் முடிந்து, அதே நடனத்தை மறுபடி ஆடச் சொல்லலாமா என்று பேராசிரியர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கார் வந்தது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்களாம். அவர் மேடையேறினார், விளக்கேற்றினார், தூண்களைப் பற்றிப் பேசினார். எல்லாம் நான் எழுதியபடியே. பிறகு நன்றி வணக்கம் என்று சொல்லி நாற்காலிக்குத் திரும்பினார். நிழற்குடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

உட்காரப் போனவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப மைக்குக்கு வந்தார். வாசலில் பிள்ளைகள் வெயிலில் நிற்பதாக அறிந்தேன், ஒரு நிழற்குடை கட்டித் தருகிறேன் என்றார். கரவொலி பலத்ததாகவே இருந்தது. அதில் பாதி நான் தட்டியது. அப்பாடா என்று சொல்வதெல்லாம் போதாது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, பக்கத்திலிருந்த பெண் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முதல்வர் என் பக்கம் திரும்பாமலே பியூனுக்குக் கையைக் காட்டினார். கட்டுகள் வாசலுக்குப் போயின.

என்னடா நடந்தது என்று உதவி ஆசிரியனைப் பிடித்து உலுக்கினேன். கேட் திறக்கவே இல்லையாம், கூட்ஸ் வண்டியாம். புழுக்கம் தாங்காமல் விருந்தினர் விசிறிக்கொள்ள எதையாவது கேட்க, இவன் பத்திரிகையை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"விசிறிக்கினே படிச்சாரு. அப்பால என்னைப் பாத்து, 'இன்னா தம்பி, நான் எப்போ இத்த சொன்னேன்?'னாரு. 'இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்வீங்க சார்'ன்னேன்."

கேட் திறக்கும்வரை அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம், பிறகு பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். விருந்தினர் கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, நாலு வரியோடு நிறுத்திக்கொண்டதற்கு நன்றி என்றார்.

நிழற்குடை நிஜமாகவே வந்தது. அடுத்த ஆண்டு விழா இதழுக்காக அதன் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்து பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனேன். பாய் முதல் பக்கத்தைக் காட்டினார்.

"இந்த தபா மூணு வரி கம்மி. இன்னா வோணுமோ கேட்டுக்கோம்மா."

கிளாஸ் ரூமுக்கு ஃபேன், கேண்டீனுக்குக் கூரை என்று மனசு ஓடத்தான் செய்தது. பேனாவை எடுத்து, இச்செய்தி விழாவுக்கு முன்பே எழுதப்பட்டது, மேடையில் நடப்பது வேறாக இருந்தால் மேடையையே நம்பவும் என்று எழுதிக் கொடுத்தேன். சரியாக மூணு வரி வந்தது.