உள்ளே பிளந்த தண்டுகள்

அந்த மீனவர் கையில் ஒரு இரும்புத் துண்டோடு எங்கள் கடலூர்ப் பட்டறைக்குள் நுழைந்தபோது காலை பதினோரு மணி இருக்கும்.

"யாருடா இங்க செக் பண்ணி அனுப்புறவன்?"

நான்தான் என்று எழுந்தேன். அந்தத் துண்டு என் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தார். நான்கு பேர் சேர்ந்துதான் அவரை இழுத்துப் பிடிக்க முடிந்தது.

அவர் கையில் இருந்தது படகு எஞ்சினுக்குள் சுழலும் தண்டின் பாதி. நாங்கள் செய்தது. பிச்சாவரம் பக்கம் முகத்துவாரத்தைத் தாண்டும்போது முறிந்திருக்கிறது. எஞ்சின் நின்று, படகு குறுக்கே திரும்ப, அலை தூக்கி அடித்ததில் அவருடைய தம்பியின் முகம் எஞ்சினில் மோதிவிட்டது.

"அவன் கண்ணு போச்சுடா! போயே போச்சு!" என்று கத்தியவர், பிடித்திருந்தவர்களின் கைகளிலேயே தொய்ந்து அழுதார்.

என் ஊருக்கே கொண்டுபோனார்கள்; சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாளே மறுபடி கடலூருக்கு பஸ் ஏறினேன். வீட்டில் படுத்திருக்க முடியவில்லை. தட்டிப் பார்த்தபோது ஒரு தண்டின் சத்தம் மந்தமாக இருந்ததைக் கேட்டும் அனுப்பியவன் நான். வெளியே கீறல் இல்லையே என்று விட்டுவிட்டேன்.

அதே சரக்கில் மீதமிருந்த பத்துத் தண்டுகளை நீளவாக்கில் அறுக்கச் சொன்னேன். வெளியே கண்ணாடி மாதிரி மின்னின. ஏழு தண்டுகளின் நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்குப் பிளவு.

பழுக்கக் காய்ச்சிய கம்பியை இரண்டு உருளைகளுக்கு நடுவே சுழற்றி, ஆப்பு மாதிரியான மேடுகளால் நசுக்கித்தான் நாங்கள் தண்டாக்குகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுப்பகுதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபடும். சுற்று கூடினால் உள்ளே கிழியும். தேய்ந்த ஆப்புகளை மாற்றாமல், கூடுதல் சுற்று விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் ஃபோர்மேன். கம்பிகளையும் சூடு உள்ளே ஏறுமுன் உலையிலிருந்து உருவினார். அவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர்.

"மச்சான், வெளியதான் செவந்துருக்கு. நடுவுல சூடே ஏறல," என்று அறுத்த துண்டுகளைக் காட்டினேன்.

"நீ என்னா பெரிய இன்ஜினியரா? மேல கீறல் இருக்கான்னு பாரு, அதான் உன் வேல." துண்டுகளைப் பிடுங்கிக் கழிவு இரும்பில் வீசினார்.

"மொதலாளிகிட்ட காட்டப் போறேன்."

முறிந்த தோளைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். கண் இருண்டது. நல்ல கைக்கு அகப்பட்ட இடுக்கியால் அவர் வாயிலேயே அடித்தேன். இரண்டு பல் தெறித்தது. நிறுத்தாமல் இன்னொரு அடி. அந்த இரண்டாவது அடி தேவையே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கழிவு இரும்பிலிருந்து பொறுக்கிக் கொண்டுபோய்க் காட்டிய துண்டுகளைப் பார்த்ததும் முதலாளி மெஷினை நிறுத்தினார். வெளியே போன தண்டுகளையெல்லாம் போன் போட்டுத் திரும்ப வரவழைத்தோம். மேடுகளின் சரிவைக் கூட்டிப் புது ஆப்புகள் செய்தோம். இப்போது குறைந்த சுற்றில் தண்டு உருவாகிவிடுகிறது. நடுவரை சூடேறும்வரை எந்தக் கம்பியும் உலையை விட்டு வராது. ஒவ்வொரு சரக்கிலும் முதல், நடு, கடைசித் தண்டுகளை அறுத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மச்சான் தன் சொந்த ஊரான காடாம்புலியூருக்கே திரும்பிப் போய்விட்டார். என் மனைவி ஒரு மாதம் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

தோள் கூடிய பிறகு, புதுத் தண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மீனவர் வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. கண்ணில் கட்டோடு இருந்த தம்பிதான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது முறியாதா?"

"முறியவே முறியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கூட வந்தத அறுத்து, உள்ள பாத்துட்டுதான் கொண்டாந்தேன்."

"மொதல்லயே பாத்துருக்கலாம்," என்றான் அவன்.