இருபத்துநான்கு கோட்டுகள்

சிப்பாயின் கையில் துளை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிப்பாயின் உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர். அவன் மூடிய கை ஒரு மிளகில் பாதி. அதில் முக்கால் மில்லிமீட்டர் துளை விழுந்தால் கம்பி நுழையும். கம்பி நுழைந்தால் அவன் கொடி பிடிப்பவன் ஆகிவிடுவான்.

அம்மா அவனை ஒரு தக்கையின் மேல் ஒட்டி, தக்கையை அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டாள். மகள் கைத்துளைப்பானை விரல் நுனியால் சுற்றினாள்.

“மெதுவாடி. அவனுக்கு வலிக்கும்.”

“ஈயத்துக்கு வலிக்காதும்மா.”

“நீ தராசு பாக்குறவ, உனக்கென்ன தெரியும்? நான் பல்லு செய்யுறவ. வலின்னா என்கிட்ட கேளு.”

மகள் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அம்மா, மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சிலிருந்து பல்செட் செய்யும் பட்டறையில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்த்துவந்தவள். துளை நேராக விழுந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்போதுதான் மகள் அந்தச் சிப்பாயின் கோட்டைக் கவனித்தாள்.

“அம்மா, இடப்பக்கம் மேல இருக்கு! சரி பண்ணிட்டியா?”

“யார் சொன்னா? பழைய கோட்டு கிழிஞ்சு போச்சு. புதுசா தைச்சுப் போட்டுக்கிட்டாங்க.”

“மாமாகிட்ட சொல்லட்டுமா?”

“வாயைத் திறந்த, உன் கீழ்வரிசைப் பல்லை நானே கழட்டிருவேன்.”

மாமா என்றால் தையல்காரர். கூடப் பிறந்தவர் இல்லை. அம்மாவை ‘அக்கா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே தம்பியானவர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடுத்த துணியை வாங்க மறந்துபோன அம்மா கடையின் பின்கதவைத் தட்டினாள். உள்ளே துணி வெட்டும் பெரிய மேசை மேல் இரண்டு ஈயப் படைகள் எதிரெதிரே நின்றன. தையல்காரர் இந்தப் பக்கம் ஒருமுறை பகடை உருட்டினார், அந்தப் பக்கம் ஓடிப்போய் இன்னொருமுறை உருட்டினார். இந்தப் போர் விளையாட்டைக் கூட ஆடிக்கொண்டிருந்த நண்பர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். தனக்குத் தானே தோற்றுக்கொண்டிருந்தார்.

அம்மா குனிந்து பார்த்தாள். “ஏன் தம்பி, இவங்க எல்லாருக்கும் மஞ்சக்காமாலையா?”

தையல்காரர் அடித்த பெயிண்ட் அப்படி. அம்மா ஒருவனை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பட்டறையில் பல் ஈறுக்கு நிறம் ஏற்றும் தூரிகையால் அவனுக்குக் கன்னம் வைத்தாள், தாடை வைத்தாள், மூக்கு நுனியில் குளிரின் சிவப்பை வைத்தாள். அடுத்த ஞாயிறு அவனைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், பொழுது சாய்ந்துதான் வந்தாள். “ஜெயிச்சுட்டேன்” என்றாள். எதில் என்று மகளுக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். சிப்பாய் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அளவெடுக்கும் டேப்பால் அளந்தார்கள். பல் அச்சு வார்க்கும் வெள்ளைப் பொடிதான் பனி. பஞ்சுதான் புகை. விதி ஒன்றே ஒன்று: பெயிண்ட் வேலை முழுசாக முடியாத சிப்பாய் மேசையில் கால் வைக்கக் கூடாது.

சண்டை வந்தது பனிக்காலப் படையால். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போருக்கு நீளக் கோட்டு போட்ட சிப்பாய்கள் வேண்டும். கிடைத்தவர்களோ குட்டைச் சட்டைக்காரர்கள். அம்மா விடுவாளா? பட்டறைக் கத்தியால் சட்டையின் பின்னால் தொங்கும் வாலைச் செதுக்கி எடுத்தாள். இரண்டு களிம்பைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகும் ஒரு பச்சை மாவு உண்டு. அதைத் தட்டி, மடித்து, இருபத்துநான்கு பேருக்கும் முழங்கால் வரை கோட்டு போட்டுவிட்டாள். மூன்று மாத வேலை. பெட்டியை மேசையில் திறந்தாள்.

தையல்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

“அக்கா, இது ஆம்பளைப் படையா, பொம்பளைப் படையா?”

“ஏன்?”

“எல்லாக் கோட்டும் வலப்பக்கம் மேல வந்து மூடியிருக்கு. ஆம்பளைக் கோட்டுன்னா இடப்பக்கம் மேல வரணும். நாப்பது வருஷமா வெட்டுறேன், என்கிட்டயேவா?”

அம்மா பார்த்தாள். உண்மைதான். முப்பத்தொரு வருடம் அச்சுக்குள்ளேயே வாழ்ந்த கை. அச்சில் இடம் என்றால் வலம், வலம் என்றால் இடம். படத்தைப் பார்த்துச் செய்யும்போது கை தானாகத் திருப்பிப் போட்டுவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்கிற ஆளா அவள்?

“அவசரத்துல அக்கா தங்கச்சி கோட்டை மாட்டிட்டு வந்துட்டாங்க தம்பி. குளிரு.”

“இருபத்துநாலு பேருமா?”

“பெரிய குடும்பம்.”

தையல்காரர் சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. “சரி பண்ணாம என் மேசையில ஏறக் கூடாது.”

“அப்ப நானும் ஏறல” என்று அம்மா பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

எட்டு ஞாயிறு இவள் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அந்த எட்டு வாரமும் அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்து, ஒருவருக்கும் தெரியாமல், கோட்டு கோட்டாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள் என்பது மகளுக்குத் தெரிந்ததே அந்தத் துளை போட்ட செவ்வாய்க்கிழமைதான்.

“கொடிக்கு மட்டும் பட்டு வேணும்” என்றாள் அம்மா. “நல்ல பட்டு உன் மாமாகிட்டதான் இருக்கு. நாளைக்குப் போய்க் கேக்குறேன்.”

புதன்கிழமை போகவில்லை. “நாளைக்கு” என்றாள். கேட்டால் தோற்றதாக அர்த்தமாம். வியாழக்கிழமை காலை பட்டறையில், யாருடைய மேல்வரிசைக்கோ மெழுகு வைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் இதயம் நின்றது.

தையல்காரர் வந்தார். கதவோரம் நின்றார். போகும்போது மகளிடம் சொன்னார்:

“பட்டன் எந்தப் பக்கம்னு சண்டை போட்டேனே பாப்பா. கோவத்தோடயே போயிட்டாங்களே.”

இல்லை மாமா என்று சொல்ல மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தலையைக் குனிந்தபடியே படியிறங்கிவிட்டார். அந்த முதுகு பத்து நாளாக அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. உண்மை தெரிந்தது அவளுக்கு மட்டும்தான்.

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்கதவைத் தட்டினாள். மேசை காலியாக இருந்தது. டேப்பு சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவள் பெட்டியைத் திறந்து மேசை மேல் வைத்தாள்.

தையல்காரர் உருப்பெருக்கியை எடுத்தார். ஒருவன். இடப்பக்கம் மேலே. இரண்டாமவன். இடப்பக்கம் மேலே. ஒவ்வொருவனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், துணியைத் தடவுகிற மாதிரி விரலால் தடவினார். எட்டாவது ஆளில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகள் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

இருபத்துமூன்றாவது ஆளிடம் நின்றுவிட்டார். வெகுநேரம் பார்த்தார்.

“பாப்பா, இவன் கோட்டு மட்டும் அப்படியே இருக்கு. வலப்பக்கம்தான் மேல.”

மகள் குனிந்து பார்த்தாள். புதர் மீசை. நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. கழுத்தில் மாலை போல ஒரு மஞ்சள் டேப்பு. உருப்பெருக்கியில் பார்த்தால் அதில் சென்டிமீட்டர் கோடுகூடத் தெரிந்தது.

தையல்காரர் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, “அடிப்பாவி அக்கா! என்னைப் போய்ப் பொம்பளைக் கோட்டுல நிறுத்திட்டியே!” என்று மேசையைத் தட்டினார். சிப்பாய்கள் குதித்தார்கள். மகளும் சிரித்தாள், பத்து நாளில் முதல் தடவையாக.

கொடிக்காரன் மட்டும் வெறும் கம்பியோடு நின்றான். பெட்டி மூடியின் உட்புறம் அம்மாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். கோட்டு, பட்டன், பூட்ஸ், பனி எல்லாவற்றுக்கும் எதிரே டிக் இருந்தது. கடைசி வரியான ‘கொடிக்குப் பட்டு, பதினெட்டுக்குப் பதினெட்டு’ என்பதற்கு மட்டும் இல்லை.

“மாமா, அம்மா உங்ககிட்ட கொஞ்சம் பட்டு கேக்கணும்னு இருந்தாங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். துண்டுத்துணி வைக்கும் அலமாரி இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்தார்.

“எவ்வளவு?”

“பதினெட்டுக்குப் பதினெட்டு மில்லிமீட்டர். மடிப்புக்கு ரெண்டு.”

“என்ன கலரு?”

மகள் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். நிறத்தை மட்டும் அம்மா எழுதியிருக்கவில்லை.